கருப்பண்ணன் நினைவு ஊர்தி

சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிய கருப்பண்ணனுக்கு வயது முப்பத்தைந்து. அவன் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சங்கதி மலையில் அவனுக்கு மட்டும்தான் தெரியாது.

தாயும் தகப்பனும் சின்ன வயதிலேயே போய்விட்டதால் செம்மேட்டு மாணவர் விடுதிதான் அவனுக்கு வீடு. பத்தாவது முடித்ததும் ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் ஏறிப் போனான். சத்தீஸ்கரில் மலேரியா கண்டு நினைவு தப்பியவனை ஒரு ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு, லாரி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டது. எமனுக்கே பொறுமை போகும் அளவுக்கு இழுத்துப் பிழைத்தான். பிழைத்ததை யாருக்குச் சொல்வது? கேட்க நாதியில்லை என்று நினைத்து அங்கேயே லாரி ஓட்டிக் காலம் தள்ளினான். இப்போது மனசு கேட்கவில்லை. மலையில் ஒரே ஒரு ஆள் ‘வாடா’ என்று சொன்னால் இருந்துவிடுவது, இல்லையென்றால் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவது என்று வந்திருந்தான்.

அன்னாசிக் கடை ஓரமாக ஒரு வெள்ளை வேன் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே, முன்கண்ணாடிக்குக் கீழே மாலை போட்ட போட்டோ. எண்ணெய் வழிய வாரிய தலை, விசிறி மாதிரி இரண்டு காது. அவனேதான். கதவில் கொட்டை எழுத்தில் ‘அமரர் கருப்பண்ணன் நினைவு ஊர்தி, விடுதி முன்னாள் மாணவர் சங்கம், செம்மேடு’ என்று இருந்தது.

அவன் கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டான். வலித்தது.

“ஏனுங்க, பஸ்ஸுல வந்த மயக்கமாங்க? உக்காருங்க.” அன்னாசி விற்ற ராசம்மாள் தண்ணீர் கொடுத்தாள்.

“அந்த வண்டி யாருதுங்க?”

“நம்ம சங்கத்து வண்டிங்க. மொதல்ல அந்த விடுதிப் பசங்க கூடித் தின்னுட்டுக் கலையறதோட சரி. அப்பறம் இந்தத் தம்பி வடக்க காச்சல்ல செத்துப்போச்சுன்னு லாரிக்காரங்ககிட்ட இருந்து சேதி வந்துச்சு. ஒரே பாயில படுத்தவன், நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக ஆளில்லாம செத்தானேன்னு அத்தன பேரும் அழுதாங்க. இனி மலையில யாரும் வண்டியில்லாம சாகக்கூடாதுன்னு மொளகு வித்த காசப் போட்டு வாங்குனாங்க. எம் பேரனே இதுல போய்த்தான் பொழச்சான்.”

“அவரு நெசமாலுமே செத்துட்டாருங்களா?”

“பின்ன? வருசா வருசம் அவரு பேருல ரத்தம் குடுக்கறாங்க, சோறு போடறாங்க. நானே தின்னுருக்கேன்.”

உயிரோடு இருந்தவரை கருப்பண்ணன் பேரில் ஒருவரும் ஒரு மிட்டாய்கூட வாங்கியதில்லை.

அப்போது டீக்கடையிலிருந்து சங்கத் தலைவர் சதீஷ்குமார் வந்தான். விடுதியில் இவனோடு ஒரே பாயில் படுத்தவன். பார்த்தான். வண்டிச் சாவி கையிலிருந்து நழுவியது. கிட்டே வந்து அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தான். தொட்டதும் பளாரென்று கன்னத்தில் ஒன்று விட்டான்.

“எங்கடா போய்த் தொலைஞ்ச?”

அப்படியே வேன் படியில் உட்கார்ந்துவிட்டான். “சங்கமே உன் சாவு மேலதாண்டா நிக்குது. நாளைக்கு ஊரு கேக்காதா? செத்தவன் பேரச் சொல்லி ஏமாத்துனீங்களான்னு கேட்டா நான் என்னடா சொல்லுவேன்?”

“நான் வேணா பஸ் ஏறிடறேன், சதீசு. யாரும் அடையாளம் கண்டுக்கல.”

சதீஷ்குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அது கன்னத்தில் வாங்கிய அறையைவிட அதிகமாக வலித்தது. கருப்பண்ணன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

சதீஷ்குமாரின் செல்போன் அடித்தது. ஆலத்தூர் நாடு என்ற மலைக் கிராமத்தில் கவிதா என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி, உடனே கீழே நாமக்கல்லுக்குக் கொண்டுபோக வேண்டும். டிரைவர் முரளியோ ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். சதீஷ்குமார் சாவியைப் பொறுக்கிக்கொண்டு ஓடி ஏறினான். சாவி துவாரத்தில் நுழையவே இல்லை. கை அப்படி நடுங்கியது.

“இந்தக் கையோட எழுபது வளைவு எறங்குனா அத்தன பேருக்கும் நினைவு ஊர்திதான். நீ ஓட்டுவியாடா?”

“ஓட்டுவேன்.”

“அப்ப நின்னுக்கிட்டு என்ன பண்ற? வாடா!”

கருப்பண்ணன் பையை உள்ளே எறிந்துவிட்டு ஏறினான்.

கவிதாவையும் அவள் அம்மா அத்தாயியையும் ஏற்றிக்கொண்டு வேன் முதல் வளைவை நெருங்கியது. மகள் தலையை மடியில் வைத்திருந்த அத்தாயி, சாமியைக் கும்பிடுவது போலப் போட்டோவைக் கும்பிட்டாள். பிறகு டிரைவருக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். மறுபடி போட்டோவைப் பார்த்தாள். சதீஷ்குமார் கையை நீட்டி மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

“ஏனுங்க சாமி,” என்றாள் அத்தாயி, குரல் வராமல். “நீங்க செத்தவருங்களா?”

“ஆமாங்க ஆத்தா. புள்ளைய நல்லாப் புடிச்சுக்குங்க, வளைவு வருது.”