தித்தாய் போடாத ஊசி

பனாய் தீவின் அந்த மலையடிவாரத்தில் தித்தாய் அறியாத பன்றி கிடையாது. அவள்தான் கிராமத்துக் கால்நடைகளுக்கு ஊசி போடுபவள். சிமெண்டுத் தரையில் பிறக்கும் பன்றிக்குட்டிக்கு மண்ணைக் கிளறித் தின்ன வழியில்லை, தாய்ப்பாலில் இருக்கும் இரும்பும் போதாது. அதனால் பிறந்த மூன்றாம் நாள் கழுத்தில் ஓர் இரும்பு ஊசி. அவள் கைபட்ட குட்டிகள் சிவந்து மினுமினுக்கும். அதைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவே வேண்டாம், தானே சொல்வாள். கோயிலில் பாதிரியார் பிரசங்கம் செய்யும்போதுகூடச் சொல்லியிருக்கிறாள். தற்பெருமைதான், ஆனால் அதற்குத் தகுந்த கை அவளுக்கு இருந்தது.

கறுப்பாக இருக்கும் அந்த இரும்பு மருந்தின் மேல் ஊருக்கே அப்படியொரு நம்பிக்கை. குட்டி சோர்ந்தாலும் அதுதான், இளைத்தாலும் அதுதான்.

தன் தாய்ப்பன்றி ஒன்றை ஆற்றுக்கு அக்கரையிலிருந்த எப்பாங்கிடம் வாரத்துக்கு விட்டிருந்தாள். வளர்ப்பது எப்பாங், குட்டிகளில் ஆளுக்குப் பாதி. எப்பாங்கின் மகனுக்குத் தித்தாய்தான் ஞானத்தாய் என்பதால் இருவரும் ஒருவரையொருவர் ‘மாரே’ என்றே அழைப்பார்கள்.

அந்த ஈற்றின்போது புயலடித்து ஆறு பெருகிவிட்டது. வெள்ளம் வடிந்து தித்தாய் வந்து சேர ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. பத்துக் குட்டிகளும் வெளுத்துப்போய், கழிச்சலில் துவண்டு கிடந்தன. தொட்டால் சுட்டது.

“நல்லவேளை வந்தே மாரே. உடம்புல ரத்தமே இல்ல பாரு. கறுப்பு மருந்தை எடு,” என்றாள் எப்பாங்.

தித்தாய் வேறொரு புட்டியை எடுத்தாள். “இது கிருமிக்கு. கறுப்பு மருந்து இப்ப வேண்டாம்.”

“ஏன், தீந்துபோச்சா?”

“இருக்கு, போட மாட்டேன். காய்ச்சல் கண்ட உடம்பு இருக்கிற கொஞ்ச இரும்பையும் ஈரல்ல ஒளிச்சு வெச்சுக்கும். ஏன்னா கிருமிக்கும் அதுதான் சோறு. வீட்டுக்குள்ள திருடன் நிக்கிறப்ப அரிசி மூட்டையை வாசல்ல கொண்டுபோய் வெப்பியா?”

“ஊரு பூரா குத்துற. என் வீட்டுக்கு வந்தா மட்டும் பாடம் நடத்துற.”

மறுநாள் காலையில் இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தன. வேலியோரம் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். எப்பாங் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“இப்பவே பிரிச்சுக்குவோம். என் பங்குக்குக் கறுப்பு மருந்து போடு. உன் பங்கை நீ என்னமோ பண்ணிக்கோ.”

நியாயம்தான் என்றது கூட்டம். தித்தாய் பட்டிக்குள் குனிந்து பார்த்தாள். மூன்றாம் நாள் ஊசி விழாத குட்டிகள், காத்திருந்தாலும் போய்விடலாம். கூடவே அவளுக்குள் ஓர் ஆசையும் எட்டிப் பார்த்தது. சரியென்று பிரித்துப் போட்டுவிட்டால் யார் சொன்னது சரி என்று ஊரே பார்க்கும். ஆனால் அந்தப் பந்தயத்துக்குப் பலியாவது எப்பாங்கின் குட்டிகள் அல்லவா.

“பிரிக்க வேண்டாம். செத்தது, சாகப்போறது எல்லாம் என் பங்கு,” என்றாள். “பிழைக்கிறதுல உன் அஞ்சை நீ முதல்ல எடுத்துக்கோ. மிஞ்சினாத்தான் எனக்கு. ஆனா காய்ச்சல் இறங்குற வரைக்கும் கறுப்பு மருந்தை யாரும் தொடக்கூடாது.”

எப்பாங்கின் புருஷன் நோனோய்தான் முந்திக்கொண்டு பேசினான். “ஒத்துக்கடி. தித்தாய் தோத்து நாம பாத்ததே இல்ல. பாத்துடுவோம்.”

தித்தாய் அங்கேயே தங்கினாள். உமியைப் பரப்பிக் கதகதப்பாக்கினாள், உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கரண்டியால் புகட்டினாள், கிருமி மருந்தை நாள் தவறாமல் போட்டாள். பிறகு ஒரு குட்டியும் சாகவில்லை. எட்டுக் குட்டிகளின் உடம்பும் குளிர்ந்து, தாமாகவே முட்டி மோதிப் பால் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் கறுப்பு மருந்தை எடுத்தாள். சில நாளில் காதுமடலெல்லாம் சிவந்துவிட்டது.

பால் மறந்ததும் பங்கு பிரித்தார்கள். எப்பாங் பட்டிக்குள் இறங்கி, இருப்பதிலேயே நோஞ்சானாக ஐந்தைப் பொறுக்கி எடுத்துத் தன் பக்கம் விட்டாள். கொழுத்த மூன்றும் மிஞ்சின.

“கண்ணு தெரியலையா உனக்கு?” என்றாள் தித்தாய்.

“முதல்ல எடுத்துக்கோன்னு சொன்னது யாரு? எனக்குப் புடிச்சதை எடுத்தேன். சாக்கைப் புடி.”

தித்தாய் சாக்கை விரித்தாள். மூன்றையும் சாக்கிலிட்டுத் தோளில் போட்டுக்கொண்டு, குறுக்குப் பாதையை விட்டுச் சந்தை வழியாகச் சுற்றிக்கொண்டு நடந்தாள். இவ்வளவு கொழுகொழுவென்று யார் குட்டி என்று நிறுத்திக் கேட்டார்கள். ஊசியைப் பற்றி அவள் மூச்சே விடவில்லை.

“என் மாரே பாத்துக் குடுத்தது,” என்று எல்லோரிடமும் சொன்னாள்.