சூடு கேட்டோம், குளிர் வந்தது

சபையாரே, இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஜெபக் கூட்டத்தில் எழும்புவோம் என்று நினைப்பேன், பிறகு இருந்துவிடுவேன். பக்கத்தில் இருக்கும் என் மனைவி செல்வமணி முழங்கையால் இடிப்பாள். இன்றைக்கு அவள் இடிக்கவில்லை, நானாகவே எழும்பிவிட்டேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

எனக்கு வயது அறுபத்தொன்பது. ஊரில் ரயில்வேயில் வேலை செய்து ஸ்டேசன் மாஸ்டராக ஓய்வு பெற்றவன். எந்த வேலையையும் பிழையில்லாமல் செய்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு பெரிய நினைப்பு இருந்தது. அந்த நினைப்புத்தான் எங்கள் இரண்டு பேரையும் சாகக் கொடுக்கப் பார்த்தது.

1977 ஜனவரி. எங்கள் ஒரே மகன் ஜெயராஜ் எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. இங்கே பார்க்டேலில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தட்டை வாடகைக்கு எடுத்து மூன்று பேரும் இருந்தோம். மேல்தட்டு வெறுமையாகக் கிடந்தது. முந்தின கோடையில் அவனுடைய கம்பனியில் ஆட்களைக் குறைத்தார்கள். வேலை தேடித் தூரத்தில் அல்பேர்ட்டா மாகாணத்துக்குப் போனான். அங்கே நாலு பேரோடு ஒரு அறையில் படுத்தெழும்பிக்கொண்டு, எங்களுக்கு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அனுப்பினான். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் எங்கள் பொறுப்பு.

என்னிடம் பணம் இல்லாமல் இல்லை. என் பென்சன் யாழ்ப்பாணத்தில் வங்கியில் மாதாமாதம் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் இலங்கைக் காசை வெளிநாட்டுக்கு எடுக்க அரசாங்கம் விடாது. கனடா அரசாங்கம் முதியவர்களுக்குக் கொடுக்கும் பென்சனுக்கோ நாங்கள் இங்கே வந்து இருந்த காலம் போதாது. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்ற நிலை. எண்ணெய் விலையோ அந்த வருடங்களில் ஏறியபடியே இருந்தது. கொஞ்சமாக ஊற்றுங்கள் என்று கேட்டால் எண்ணெய் லொறிக்காரர் வர மாட்டார்கள். குறைந்தது இவ்வளவு எடுக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அது எங்களுக்கு எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயராஜ் போன் எடுப்பான். வீடு சூடாக இருக்கிறதா என்று தவறாமல் கேட்பான். நல்ல சூடு தம்பி, அம்மா சுவெட்டரைக் கழற்றிப்போட்டு இருக்கிறா என்று நான் சொல்வேன். செல்வமணி இரண்டு சுவெட்டரும் ஓவர்கோட்டும் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று, ஓம் ஓம் என்று தலையாட்டுவாள். கஷ்டப்படுகிற பிள்ளையின் தலையில் இன்னும் ஏற்றலாமா? உங்களுக்கும்தான் நான் சொல்லவில்லை. இதே அறையில் முழங்காலில் நின்று, யார் யாருடைய சுகவீனத்துக்கெல்லாமோ ஜெபித்தேன். என் வீடு குளிர் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆண்டவரிடம் மட்டும் சொன்னோம். அது பெரிய விசுவாசம் என்று எனக்கு எண்ணம்.

ஒரு வியாழக்கிழமை, எண்ணெயில் எரிந்து சூடு தரும் ஃபர்னஸ் நின்றுவிட்டது. பேஸ்மென்டுக்குப் போய் எண்ணெய்த் தாங்கியைத் தட்டிப் பார்த்தேன். வெறும் தகரச் சத்தம். வெள்ளிக்கிழமை முழுக்க இருந்த உடுப்பெல்லாம் உடுத்துக்கொண்டு கட்டிலிலேயே கிடந்தோம். சனிக்கிழமை காலையில் சமைக்கிற குசினியில் வாளித் தண்ணீரின் மேல் ஐஸ் படிந்திருந்தது. வீட்டுக்குள்ளே! செல்வமணியின் உதடு நீலம் பாரித்துப்போயிருந்தது. அவளுக்கு முன்னமே நெஞ்சு பலவீனம். இவளை இந்த நாட்டில் குளிருக்குக் கொடுத்துவிட்டுப் போகப்போகிறேனா என்று அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

முழங்காலில் நின்றோம். அவள்தான் ஜெபித்தாள். "ஆண்டவரே, முழு வீடும் வேண்டாம். இந்த ஒரு அறையை மட்டும் சூடாக்கித் தாரும்" என்று கேட்டாள்.

ஜெபித்து எழும்பினதும் எனக்கு மூளையில் மின்னினது போல ஒரு யோசனை. பேஸ்மென்டில், கோடையில் இறைச்சி வாட்டவென்று ஜெயராஜ் வாங்கி வைத்த கரி ஒரு பை முழுதாகக் கிடந்தது. நெருப்புச் சட்டி! ஊரில் பிள்ளை பெற்றவளின் அறைக்குள் சட்டியில் தணல் போட்டு வைப்போம். தாய்க்கும் பிள்ளைக்கும் குளிர் பிடிக்காது. செல்வமணியிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது.

"ஜெயராஜைப் பெத்து முப்பத்தொரு நாளும் நெருப்புச் சட்டிக்குப் பக்கத்திலதானே கிடந்தனான். இது ஏன் நமக்கு முந்தித் தோணேல்லை?" என்றாள்.

கரிப் பையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஏதோ போட்டிருந்தது. மூக்குக் கண்ணாடி அறையில் இருந்தது. எடுத்துவரப் பஞ்சிப்பட்டேன், சோம்பல்தான். வாழ்நாள் முழுக்க ரயில்வே அறிவித்தல்களை ஒரு சொல் விடாமல் வாசித்தவன் நான்.

பின்படியில் பனிக்குள் வைத்து, பெரிய இரும்புச் சட்டியில் கரியை மூட்டினேன். புகை அடங்கட்டும் என்று நின்றேன். புகைதானே ஆபத்து என்பது என் எண்ணம். அடுத்த வீட்டுக்காரி வாண்டா தன் பின்கதவில் நின்று என்னையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். போலந்து நாட்டுக் கிழவி, புருஷன் இல்லாதவள். எங்களுக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முதல் மாரியில் எங்கள் பாதைப் பனியை நான் அவள் பக்கம் அள்ளிக் கொட்டி, அவள் கத்தி, நானும் ஸ்டேசன் மாஸ்டர் இங்கிலீசில் திருப்பிக் கத்தியிருந்தேன். இப்போது அவள் கையை ஆட்டி ஏதோ சொன்னாள். இவளுக்கு இனி இதிலும் ஒரு குற்றமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டியை உள்ளே தூக்கிவந்தேன்.

முன்னறை ஜன்னலுக்கு ஏற்கெனவே மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு அடித்திருந்தேன். இடுக்குகளில் பேப்பர் திணித்திருந்தேன். இப்போது கதவுக்குக் கீழே துவாய்த் துண்டும் வைத்தேன். ஒரு ஓட்டை விடவில்லை. ஊரில் எங்கள் வீட்டுச் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் அணில் ஓடும். ஜன்னலில் கண்ணாடியே இல்லை, கம்பிதான். அந்த வீட்டையும் இந்த வீட்டையும் ஒருதரம்கூட ஒப்பிட்டுப் பார்க்கவேயில்லை.

அறை சூடாகியது. எவ்வளவு நாளைக்குப் பிறகு! ஓவர்கோட்டைக் கழற்றினோம். செல்வமணி முகம் சிவந்து, இளம்பெண் போல இருந்தாள். ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்று இரண்டு பேரும் கண் கலங்கினோம். ஸ்தோத்திரம் சொன்னோம். ஒரு கீர்த்தனையும் பாடினோம். எங்களைக் கொன்றுகொண்டிருந்த ஒன்றுக்கு முன்னால் இருந்து நாங்கள் நன்றிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம்.

பாட்டு நடுவில் நின்றது. தலை இடிக்கிறது, கொஞ்சம் சரியப் போகிறேன் என்று செல்வமணி சொன்னாள். இரண்டு நாள் நித்திரை இல்லைத்தானே, படு என்றேன். எனக்கும் தலை கனத்தது. வேதப் புத்தகத்தில் எழுத்துகள் கலங்கின. அப்போது வாசல் கதவில் ஒரே தட்டு. வாண்டாவின் குரல். எனக்குக் கோபம் வந்தது. எழும்பிப் போய் நாலு வார்த்தை சொல்லுவோம் என்றால், கால் எழும்பவில்லை. என்னுடைய கால் என் சொல் கேட்கவில்லை. அது ஏன் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஆண்டவரே, இந்த மனுஷி போகட்டும், எங்களைச் சூட்டில் நிம்மதியாக இருக்க விடட்டும் என்று மனதுக்குள் வேண்டினேன். அந்த ஜெபத்தை அவர் கேட்காமல் விட்டதற்கு ஒவ்வொரு நாளும் அவருக்கு நன்றி சொல்லுகிறேன்.

ஜன்னல் கண்ணாடி உடைந்து உள்ளே விழுந்தது. பனி அள்ளும் சவளால் வாண்டா இடித்தாள். பிளாஸ்டிக்கைக் கிழித்தாள். ஜனவரிக் குளிர் முழுவதும் எங்கள் மேல் கொட்டியது. உள்ளே ஏறி, சட்டியைச் சவளால் தூக்கி வெளியே பனியில் எறிந்தாள். பிறகு செல்வமணியின் இரண்டு அக்குளுக்குள்ளும் கை கொடுத்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்தாள். செல்வமணியின் தலை தொங்கியது. அப்போதும் நான், என் வீட்டை உடைத்துவிட்டாள், இந்தச் சூட்டைக் கெடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னையும் வெளியே இழுத்து, அம்புலன்சைக் கூப்பிட்டதும் அவள்தானாம். ஆஸ்பத்திரியில் என் மூக்கில் ஒக்சிசன் மாட்டிவிட்டு டாக்டர் கேட்டார், வீட்டுக்குள் கரி எரித்தீர்களா என்று. ஓம், ஆனால் புகை இருக்கவில்லையே என்றேன். புகை தேவையில்லை, அந்த நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, உங்கள் மனைவிக்கு முகம் சிவந்ததும் அதனால்தான் என்றார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இரண்டு பேரும் முடிந்திருப்பீர்கள் என்றார். அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்துத்தானே நான் ஆண்டவரைத் துதித்தேன்!

செல்வமணி கண் திறக்கவில்லை. அவளுடைய நெஞ்சு தாங்குமோ தெரியாது என்றார்கள். நான் கொரிடோரில் இருந்தேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. நான்தான் கரியை மூட்டினேன், நான்தான் ஓட்டையை அடைத்தேன், என்ன முகத்தோடு கேட்பது? வாண்டா என் பக்கத்தில் இருந்தாள். கையில் கண்ணாடி வெட்டிக் கட்டுப் போட்டிருந்தார்கள். தெரிந்த கொஞ்ச இங்கிலீசில் சொன்னாள்: சின்ன வயதில் அவளுடைய ஊரில், மாரிக்காலத்தில் அடுப்பைக் கணகணவென்று வைத்துவிட்டுப் படுத்த அவளுடைய தாயும் தம்பியும் எழும்பவேயில்லை. அவர்களுடைய முகமும் அப்படித்தான் சிவந்திருந்ததாம். நான் சட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போனதைக் கண்டதும் அவளுக்கு அந்த முகங்கள்தான் நினைவுக்கு வந்ததாம். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தவள், ஜன்னலால் எட்டிப் பார்த்ததும் சவளை எடுத்திருக்கிறாள். பிறகு அவள் தன் ஜெபமாலையை எடுத்துத் தன் பாஷையில் ஜெபித்தாள். ஒரு சொல்லும் விளங்காமல் நான் ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொன்னேன்.

பின்னேரம் நர்ஸ் என்னைக் கூப்பிட்டாள். செல்வமணி கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். "இஞ்சேருங்கோ, நெருப்பை நூர்த்தனீங்களே?" என்று கேட்டாள். அணைத்தாயிற்று என்று சொல்லிவிட்டு, நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தைப்பிள்ளை போல அழுதேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து ஜெயராஜுக்கு அறிவித்தார்கள். கடன் வாங்கி விமானத்தில் வந்தான். ஏசுவான் என்று நினைத்தேன். ஏசவில்லை. தாயைப் பார்த்துவிட்டு வந்து என் முன்னால் குந்தியிருந்தான். மெலிந்துபோயிருந்தான்.

"கடவுளிட்டைக் கேட்டனீங்கள், சரி. என்னட்டை ஏனப்பா கேக்கேல்லை? நான் அவர் தந்த பிள்ளை இல்லையே?"

சபையாரே, டாக்டர் சொன்னதைவிட அதுதான் என்னை அதிகமாக இடித்தது. நாங்கள் கேட்ட உதவியை என் மகனுடைய கையிலும், உங்கள் கையிலும், அடுத்த வீட்டுக்காரியின் கையிலும் ஆண்டவர் வைத்திருந்தார். நான் எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கடைசியில் அவர் ஜன்னலை உடைத்துத்தான் வரவேண்டியிருந்தது.

கேட்ட சூடும் கிடைத்தது. வாண்டாவும் எங்களைப் போலத்தான் கோட்டுப் போட்டுக்கொண்டு குசினியில் இருந்திருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. ஜெயராஜ்தான் வழி சொன்னான். இரண்டு வீட்டை ஏன் சூடாக்க வேண்டும்? அந்த மாரி முடியும்வரை அவள் தன் வீட்டின் தண்ணீரை நிறுத்திப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து இருந்தாள். எண்ணெயில் பாதி அவள், பாதி ஜெயராஜ். லொறி வந்தது. இரண்டு வருடமாக மார்கழி வந்தால் அவள் பெட்டியோடு வந்துவிடுவாள். செல்வமணியின் புளிக்கஞ்சியில் உறைப்புக் காணாது என்று குறை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். இன்றைக்கும் வந்திருக்கிறாள், பின்வரிசையில் இருக்கிறாள். தமிழ் விளங்காது, ஆனால் நான் எதைச் சொல்லுகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

இங்கே என்னைப் போல வயதானவர்கள் சிலர் இருக்கிறீர்கள். பிள்ளைக்குப் போனில் நல்ல சூடு என்று சொல்லுகிறவர்களும் இருக்கலாம். ஆண்டவரை நம்புங்கள். அவர் கேட்கிறார், நான் உயிரோடு நிற்பதே அதற்குச் சாட்சி. ஆனால் ஜெபித்து எழும்பினதும் ஒரு மனுஷரிடமும் வாய் திறந்து சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் நான் வாசலில் நிற்பேன். சத்தமாகச் சொல்லத் தேவையில்லை. கை கொடுக்கும்போது, வீடு குளிர் என்று மெல்லச் சொன்னால் போதும். நாங்கள் வருவோம்.