அவிட்டத்தில் பூட்டிய அறை

ஆய்வு அதிகாரி கிருஷ்ணவேணியின் ஜீப் முத்தையாபுரத்துக்குள் வந்துவிட்டது. பிரேமாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓய்வுபெற்ற அரசு செவிலியர் அவர். இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று ஆஸ்பத்திரிகள் கைவிட்டவர்களை வாடகை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். இன்று உரிமம் கிடைத்தால் கடும் வலியை அடக்கும் 'மார்பின்' மருந்து வாங்கலாம். எலும்பில் புற்றுநோய் பரவிய உப்பளத் தொழிலாளி மாடக்கண்ணு இன்றாவது தூங்குவார்.

மார்பினுக்கு இரட்டைப் பூட்டு அலமாரி வேண்டும். சுவரில் பதித்துத் தயாராக இருந்தது. ஆனால் அந்த அறையையே வீட்டுக்காரர் சிவசுப்பிரமணியன் காலையில் பூட்டிவிட்டார். அங்கே படுத்திருந்த முதியவர் முந்தின நாள் அவிட்ட நட்சத்திரத்தில் இறந்துபோனார். செத்த இடத்தை ஆறு மாதம் அடைத்து வைக்காவிட்டால் குடும்பத்துக்கு ஆகாதாம். உயிரோடு துடிப்பவனுக்கு ஒரு நாழிகை ஒதுக்காத பஞ்சாங்கம், செத்தவனுக்கு ஆறு மாதம் ஒதுக்குகிறது!

"அண்ணாச்சி, சாகுத ஆளு நட்சத்திரம் பாத்தா சாகான்?"

"நீ படிச்சவ, பேசுவ. எங்க வீட்டுல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"பெரியாஸ்பத்திரில அவிட்டத்துல போனவங்களுக்கு நானே கண்ண மூடிவிட்டிருக்கேன். வார்டையெல்லாம் அடைச்சிருந்தா உங்க மக பிரசவத்துக்கு எங்கன படுத்திருப்பா?"

அவர் சாவியை மடியில் இறுக்கிக்கொண்டார்.

உள்ளே வந்த கிருஷ்ணவேணி கதவைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு பூட்டுதானே கேட்டோம். மூணாவது யாரு போட்டது?" காரணம் தெரிந்ததும் சிரிப்பு நின்றது. "அலமாரியைப் பாக்காம கையெழுத்துப் போட முடியாதும்மா. இனி எப்ப வருவேன்னும் சொல்ல முடியாது."

அடுத்த அறையிலிருந்து மாடக்கண்ணு கத்தினார்: "அண்ணாச்சி! அந்தக் கட்டில்லயே என்னத் தூக்கிப் போடுங்க. பெரியவரு பேயா வந்தா வரட்டும், பேச்சுத் தொண ஆச்சு. இந்த வலிய விடவா பேய் பெருசு?"

சிவசுப்பிரமணியன் எட்டிப் பார்த்தார். கேலி பேசிய அதே வாய் இப்போது துண்டைக் கடித்துக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு விடைத்து நின்றது. திரும்பி வந்தவர் சாவியைப் பிரேமாவின் கையில் திணித்தார்.

"தொறந்துக்கிடு தாயி. நான் கோயிலுக்குப் போயிட்டு வாரேன்."

"போயிட்டு வாங்க. எனக்கும் சேத்துக் கும்பிட்டிருங்க, எனக்குப் பழக்கம் இல்ல!"

கதவு திறந்தது. கிருஷ்ணவேணி அலமாரியை இழுத்தார், ஆட்டினார், இரண்டு பூட்டையும் சோதித்தார்; உரிம ஆணையில் கையெழுத்திட்டார். மை காயுமுன் பிரேமா, வழக்கமாக வந்து பார்க்கும் டாக்டருக்கு, மார்பின் கொண்டுவரச் சொல்லிப் போன் போட்டார்.

பொழுது சாயும்போது, மருந்து வேலை செய்ய, அவிட்டத்துக் கட்டிலில் மாடக்கண்ணு குறட்டை விட்டார். கோயிலிலிருந்து திரும்பிய சிவசுப்பிரமணியன் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி வாசலிலேயே நின்றார்.