மூன்று கணினிகள் சம்மதித்தால்

சாரல் கனத்து மழையானால் எங்கள் டீம் லீடர் அக்கா காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிடுவார். தென்காசியில் எங்கள் மென்பொருள் அலுவலகம் இருந்த மாடிக்குத் தகரக் கூரை. மழை விழுந்தால் பக்கத்தில் பேசுவதே கேட்காது. அவர் மட்டும் தொலைவில் எதற்கோ காதுகொடுப்பவர் போல உட்கார்ந்திருப்பார்.

அப்போது குற்றாலத்து ஐந்தருவிக்கு வெள்ள எச்சரிக்கை அமைப்பு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அருவிக்கு மேலே ஓடையோரம் ஐந்து சிறு கணினிகள் நீர்மட்டத்தை அளக்கும். ஒன்றில் சருகு அடைத்துத் தவறான அளவு வரலாம். இன்னொன்று இடிவிழுந்து ஊமையாகலாம். ஆகவே குறைந்தது மூன்று ஒத்துக்கொண்டால்தான் கீழே சைரன் ஒலிக்கும். முதலில் எழுதிய முறையில் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றிடமும் கேட்டு, பதில் வந்தபின் மறுபடி உறுதிசெய்துகொள்ளும். வெயில் நாளில் அது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். மழையிலோ ரேடியோ செய்திகள் தொலைந்து, திரும்ப அனுப்பி, இழுத்துக்கொண்டே போகும்.

"கொஞ்சம் லேட்டானா என்னக்கா? தப்பா அடிக்காம இருந்தாச் சரிதான?" என்று ஒருநாள் கேட்டேன்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் தம்பி போனப்பவும் அங்கன அப்படித்தாம்லே நடந்துச்சு. மேல நின்ன ஒருத்தர் தண்ணி கலங்குததைப் பாத்திருக்காரு. பக்கத்துல நின்னவர்ட்ட கேட்டிருக்காரு. அவரு இன்னொருத்தர்ட்ட கேட்டிருக்காரு. எல்லாரும் ஆமான்னு சொல்லிச் சத்தம் போடுததுக்குள்ள வெள்ளம் வந்துட்டு."

கல்லூரி நண்பர்களோடு குளிக்கப் போனவன். உடல்கூடக் கிடைக்கவில்லை என்பதைப் பிறகு வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

முறையை அக்கா மாற்றி எழுதினார். ஒரு கணினி தலைமையேற்று மற்றவற்றின் வாக்கைச் சேகரிக்கும். அது பேச்சை நிறுத்தினால் மற்றவை உடனே வேறொன்றைத் தேர்ந்துகொள்ளும். செய்திப் பரிமாற்றம் வெகுவாகக் குறைந்தது.

சைரன் பொருத்திய சீசனிலேயே ஒரு மதியம் நாங்கள் அருவியோரம் நின்றிருந்தோம். கீழே வெயில், மலையில் இடி. தலைமைக் கணினி செத்துவிட்டதாக என் லேப்டாப் காட்டியது. நான் பதறுவதற்குள் மற்றவை புதுத் தலைமையைத் தேர்ந்து, மூன்று சம்மதித்து, சைரன் அலறியது. எண்ணெய் வழியும் உடம்போடு சனங்கள் ஓடிவந்தார்கள். "தண்ணி தெளிவாத்தான இருக்கு, எதுக்கு விரட்டுதாங்க?" என்று ஒருவர் சலித்துக்கொண்டார். சற்று நேரத்தில் செம்மண் நிறத்தில், மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு வெள்ளம் இறங்கியது. அவர்கள் நின்று குளித்த இடமே தெரியவில்லை.

நான் மகிழ்ச்சியில் கைதட்டினேன். அக்கா கரையோரத் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி, வெளியே வந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் வந்துட்டாங்கக்கா."

"ஏலே, அவன் இன்னும் வரலலே," என்றார். பிறகு தண்ணீரை நோக்கி நடக்கத் தொடங்கினார். கையைப் பிடித்து இழுத்துத்தான் கூட்டிவர வேண்டியிருந்தது.

அதன்பின் அவர் அந்த வேலைக்குத் திரும்பவில்லை. மழை குறைந்த ஏதோ ஊரில் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதுகிறார். போனில் பேசினால் அருவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அந்தக் கணினிகளை இப்போது நான்தான் கவனிக்கிறேன். தண்ணீர் ஏறிவிட்டதா என்பதை அவை தங்களுக்குள் பேசி விரைவாகச் சொல்லிவிடுகின்றன. எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா என்பது அவற்றுக்குத் தெரியாது. அதனால் அங்கே இருக்கும்போது சைரன் அடித்தால், அது ஓய்ந்த பிறகும் நான் கிளம்புவதில்லை. கரையில் ஈரத்தோடு நிற்பவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். யாரைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரியும். அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை.