ராய்ஸ் கிட்டிலின் தகடு

அயோவா பழைய விமானச் சங்கத்தின் கையேட்டில் மெர்ல் தொர்சனைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: “அடையாளத் தகடு ஆய்வாளர், விருப்பு வெறுப்பு அற்றவர்.” பதினோரு வருடமாகச் சக உறுப்பினர் ராய்ஸ் கிட்டிலை நினைத்தாலே அவருக்குச் சோறு தண்ணீர் இறங்குவதில்லை என்பதைக் கையேடு சொல்லவில்லை.

காரணம் நியாயமானதுதான். மெர்லின் இரட்டை இறக்கை விமானத்தில் சட்டம், எஞ்சின், இருக்கை எல்லாமே 1930இல் செய்தவை. தொழிற்சாலை வரிசை எண் பொறித்துப் பதித்த தகடு மட்டும் இல்லை. ராய்ஸிடம் தகடு மட்டுமே இருந்தது. அதைச் சுற்றி முழு விமானத்தையும் புதிதாகக் கட்டிக்கொண்டார். அரசுப் பதிவேட்டுக்குத் தகடுதான் விமானம். ஆகவே ராய்ஸின் புதுசு 1930 ஆயிற்று. மெர்லின் பழசு ‘வீட்டில் செய்தது’ ஆயிற்று.

சங்கத்தார் விமானங்களோடு வந்து கூடும் சனிக்கிழமை பான்கேக் விருந்துகளில் கூட்டம் ராய்ஸின் விமானத்தைத்தான் மொய்க்கும்.

“என்ன மெர்ல், உன் பொண்ணுக்கு இன்னும் பேர் வைக்கலியா?” என்பார் ராய்ஸ், மெர்லின் விமானத்தைக் காட்டி, வாய் நிறைய பான்கேக்கோடு.

அந்த ராய்ஸ் சங்கத்தின் ‘அசல்’ சான்றிதழுக்கு விண்ணப்பித்தார். தகட்டின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த படி மெர்லின் மேஜைக்கு வந்தது. வரிசை எண்ணில் ஏழு மட்டும் சாய்ந்திருந்தது.

“ரெண்டு நாளா விசில் அடிக்கிற,” என்றாள் மனைவி லவான். “யாராவது செத்துட்டாங்களா?”

“ராய்ஸ் மாட்டிக்கிட்டான். போலித் தகடு. நம்பர் எப்படிக் கோணிக்கிட்டு நிக்குது பாரு.”

“ஏமாத்தறவன் கோணலாவா அடிப்பான்? அவன்தான் பாத்துப் பாத்து அடிப்பான்.”

விசில் நின்றது. ராய்ஸின் தகடு வந்த அதே மாதம், அதே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த விமானங்களின் சொந்தக்காரர்கள் ஒன்பது பேருக்கு மெர்ல் எழுதினார். ராய்ஸுக்கு எதிராக ஆதாரம் சேர்ப்பதாகத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார். ஆறு பென்சில் படிகள் வந்தன. எண்ணில் ஏழு இருந்த இடத்திலெல்லாம் அதே சாய்வு. தொழிற்சாலையின் அச்சே கோணல்.

அந்தப் படிகளை வேறு யாரும் பார்க்கவில்லை. ‘சந்தேகம்’ என்று ஒரு சொல் எழுதினால் போதும், சங்கத்தில் எவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். மூன்று வாரம் அந்த வசதியை ரசித்துக்கொண்டிருந்தார்.

“எழுதப் போறியா, இல்ல அடைகாக்கப் போறியா?” என்றாள் லவான்.

மெர்ல் ‘அசல்’ என்று எழுதி, ஆறு படிகளையும் இணைத்து, கையெழுத்திட்டு, ராய்ஸிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.