ஒருவரும் கதைக்காத லைன்

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வளாகத்தில் தற்காலிக விரிவுரையாளனாக இருந்தபோது, என் கோபம் முழுவதையும் ஒரு ரெலிபோன் மீது காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

விஷயம் எங்கள் கிணறு. நீர்வேலியில் எங்களுக்கு வாழைத் தோட்டம். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் அந்த ஒரு கிணறுதான். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. இறைப்பு மிசின் கொஞ்ச நேரம் ஓடினாலே கிணற்றின் அடிப்பாறை தெரிந்தது. பக்கத்துக் காணிக்காரர் வெடி வைத்துத் தன் கிணற்றை ஆழமாக்கினார். என்னைப் பெற்ற ஐயாவும் அதையே செய்யப் புறப்பட்டார். எங்கள் பக்கத்து நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல். அதற்குள் நல்ல தண்ணீர் மேலேயும் கடல் தண்ணீர் கீழேயும் கிடக்கிறது. கண்டபடி ஆழமாக்கி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். எவ்வளவு ஆழம் போகலாம் என்று கணிப்பதுதான் என் ஆராய்ச்சியே.

ஐயா ஒரு தவணை தந்தார்.

"ஆவணிச் சதுர்த்தி வரைக்கும் பொறுப்பன். அதுக்குப் பிறகு வாழை பொறுக்காது, தம்பி."

அந்தக் கணக்கைக் கையால் போட்டு முடிக்க ஒரு வருடம் போதாது. கொழும்பில் ஒரு நிலையத்தில் பெரிய கொம்பியூட்டர் இருந்தது. எங்கள் துறையில் இருந்ததோ தட்டச்சு மிசின் போன்ற ஒரு முனையம், அதன் பக்கத்தில் ஒரு ரெலிபோன். எக்ஸ்சேஞ்சில் சொல்லிக் கொழும்புக்கு ட்ரங் கோல் எடுக்க வேண்டும். கொழும்புப் பக்கத்து மிசின் விசில் அடிக்கத் தொடங்கியதும் ரெலிபோனின் கைபிடியை இரண்டு றப்பர் குழிகளுக்குள் அழுத்தி வைக்க வேண்டும். பிறகு இரண்டு மிசின்களும் ஊளையிட்டு ஊளையிட்டுத் தகவல் பரிமாறும். நான் கிணறுகளின் அளவுகளை அடித்து அனுப்புவேன். பாதி அனுப்பியிருப்பேன், 'டக்' என்றொரு சத்தம், லைன் செத்துவிடும். அவ்வளவு நேரம் அடித்ததெல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து.

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. தினமும் இதே கூத்து. வெளிச் சத்தம் உள்ளே போகிறதோ என்று மின்விசிறியை நிறுத்தினேன். யன்னல்களைச் சாத்தினேன். ஆவணி வெயிலில் அந்த அறைக்குள் வியர்வை ஊற்ற ஊற்ற உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கைபிடியின் மேல் ஒரு துவாய்த் துண்டை மடித்துச் சுற்றினேன். ஒன்றும் சரிவரவில்லை.

கொழும்பு நிலையத்துக்காரரைக் கேட்டால், பிழை உங்கள் லைனில் என்றார். எங்கள் துறைத் தலைவர், பிழை உன் புரோகிராமில் என்றார். எதையும் பார்க்காமலே சொன்னார். அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ரெலிபோன் பகுதியிலிருந்து ஒரு திருத்துநர் வந்தார். ரிசீவரை எடுத்துக் கொழும்பிலிருந்த தன் நண்பனோடு குடும்பச் சங்கதி எல்லாம் கதைத்தார். லைன் ஒரு தரம்கூட அறவில்லை.

"லைன் நல்ல கிளியர், சேர். உங்கடை மிசினைப் பாருங்கோ."

அவர் போனதும் எடுத்துப் பார்த்தேன். டக். மேசைக்கு ஓர் உதை விட்டேன். கால்விரல்தான் வீங்கியது.

மனிதர் கதைத்தால் அறாத லைன், மிசின் கதைத்தால் மட்டும் ஏன் அறுகிறது? வீங்கிய காலோடு அந்தக் கேள்வியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, பட்டணத்து எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். அதற்குள் சதுர்த்தியும் போய்விட்டது. வளாகத்திலேயே தங்கி வேலை செய்ததால், இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி வீட்டுக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தேன்; பதில் வரவில்லை.

ட்ரங் லைன்களைப் பார்த்தவர் ஒரு நடுவயதுப் பெண். நான் இலக்கத்தைச் சொன்னதும் உடனே தெரிந்துகொண்டார்.

"ஓம், நான்தான் வெட்டினனான்" என்றார், ஒளிவுமறைவில்லாமல். "இடைக்கிடை லைனுக்குள்ளை போய், 'கதைக்கிறியளோ?' எண்டு கேக்கிறனான். ஒரு மறுமொழியும் இல்லை. ஒருத்தரும் கதைக்கேல்லை. லைன் பழுதாகிக் கூவுது எண்டு எடுத்துவிட்டனான்."

றப்பர் குழிக்குள், துவாய்க்குள் கிடந்த ரிசீவரிடம் ஒவ்வொரு நாளும் மரியாதையாகக் கேட்டிருக்கிறார்! எனக்குத் தலை கொதித்தது.

"அக்கா, அது பழுதில்லை. மிசின்தான் கதைக்குது" என்று கத்தினேன்.

"கத்தாதையுங்கோ. உங்கை பாருங்கோ."

சுவரோரம் வாங்குப் பலகையில் சனம் நெருக்கியடித்து இருந்தது. கொழும்பில் இருக்கும் பிள்ளைகளின் குரலைக் கேட்க வந்தவர்கள். அங்கே குழப்பம் என்ற கதை வந்தால் உடனே இங்கே கூட்டம் கூடிவிடும். ஒரு தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அதைப் பார்த்த பிறகும் என் கோபம் தணியவில்லை. அவர்கள் மேலும் வந்தது. நியாயமில்லைதான், ஆனால் வந்தது.

"மிசின் அப்பிடி என்னத்தைக் கதைக்குது?" என்று அக்கா கேட்டார்.

"எங்கடை கிணத்திலை உப்பு ஏறுமோ எண்டு கேக்குது."

அவர் தலையில் மாட்டியிருந்த காதுக்கருவியைக் கழற்றி வைத்தார். "அதை முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, தம்பி. நாளைக்கு மத்தியானம் சனம் குறைவு. அப்ப போடுறன். கூவினால் கதைக்குது எண்டு விட்டுவிடுறன்."

சொன்னபடி விட்டார். மறுநாள் லைன் ஒரு தரமும் அறவில்லை. பின்னேரம் முனையம் கடகடவென்று அடித்துத் தள்ளிய தாளைக் கிழித்தெடுத்தேன். எங்கள் கிணறு இருக்கிற ஆழத்துக்கு மேல் ஒரு முழம்கூடப் போகக் கூடாது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். ஊரெல்லாம் கிணறு வெட்டும் காலம், வெடிகாரர் ஐயாவுக்குக் கிடைத்திருக்க மாட்டார் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படலைக்குள் போகும்போதே கிணற்றடியில் உடைத்த கல் குவிந்து கிடந்தது. வெள்ளைவெளேரென்று புதுக்கல். இறைப்பு மிசின் ஓடவில்லை. வாய்க்கால் காய்ந்திருந்தது.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். முதல் மிடறிலேயே தெரிந்துவிட்டது. சீனி போட்டும் கரித்தது. துறைத் தலைவர், திருத்துநர், அக்கா, ஐயா என்று யார் மேலே பாய்வதென்று மனம் அலைந்தது. சண்டை பிடிக்கத்தான் வாயெடுத்தேன்.

ஐயா வாழைக்குள்ளிருந்து வந்து எனக்கு முன்னால் குந்தினார். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"உன்ரை மிசின் என்ன சொன்னது?"

தேத்தண்ணியை மண்டிவரை குடித்து முடித்தேன்.

"இன்னும் லைன் கிடைக்கேல்லை, ஐயா."