மானிட்டரில் வைத்த குங்குமம்

ஒரு மியூசிக் சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒலிப்பதிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பேக்கப் எடுத்து வை, பாட்டின் டெம்போவைக் குறித்துக்கொள், ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி ஆடியோ ஃபைலாக வெளியே எடு. இதை எல்லோரும் சொல்வார்கள். நான் இன்னொன்றும் சேர்த்துச் சொல்வேன்: மானிட்டரின் மேல் வலது மூலையில் குங்குமம் வைக்காதீர்கள். காரணம் கொஞ்சம் நீளம்.

1. இலை வாட்டும் மாடி

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. குன்னூருக்குப் பக்கத்தில் பழனிச்சாமி என்பவர் ஒரு தேயிலை ஃபேக்டரி வைத்திருந்தார். அவருக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுக் கிராமங்களில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களிடம் பச்சை இலை வாங்கி, அரைத்து, தூளாக்கி விற்பார். விலை இறங்கியதும் இலை வரத்தும் குறைந்தது. இலையை வாட்டும் மாடியில் பாதி இடம் காலியாகக் கிடந்தது. காலி இடத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. அங்கே ஒரு ஸ்டூடியோ போட்டுவிட்டார்.

சுவர் முழுக்கத் தேயிலைச் சாக்கு அடித்தோம். எதிரொலியை உறிஞ்ச அதைவிட நல்ல பொருள் இன்றுவரை எனக்குக் கிடைத்ததில்லை. பாடி முடித்தவர்கள் எல்லோரும் தும்முவார்கள், அவ்வளவுதான். பெரிய குறை தகரக் கூரை. மழை பெய்தால் ரெக்கார்டிங் கிடையாது.

நான் அங்கே ஒலிப்பதிவாளர். அருவங்காட்டிலிருந்து பஸ்ஸில் வருவேன். அம்மன் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம், கல்யாண வீடியோவுக்கு இசை எல்லாவற்றையும் ஒரே பழைய சாஃப்ட்வேரில் செய்து வந்தேன். சாம்பல் நிறத் திரை. அதில் ஒரு கீயை அழுத்தினால் பதிவு தொடங்கும், வேறொரு கீயை அழுத்தினால் நிற்கும். தொடங்கும் கீயை நூறு முறை அழுத்தினாலும் அது நிறுத்தாது. அந்தக் குணத்தின் அருமை பின்னால்தான் தெரிந்தது.

முதலாளிக்கு அந்தச் சாம்பல் நிறம் ஆகவில்லை. கோயம்புத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் வேறொரு சாஃப்ட்வேரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏப்பா சந்திரா, நம்முளுது எழவூடு மாதிரி இருக்குதப்பா. அங்க பாத்தா திருவிழாக் கடையாட்ட மின்னுது."

"சத்தம் ரெண்டுலயும் ஒண்ணுதானுங்க மொதலாளி."

"தூளும் ஒண்ணுதான்னு நானுஞ் சொல்லீட்டிருந்தேன். பாக்கெட்டு கலர மாத்துனவன் வித்துப்போட்டான், நான் ஒக்காந்திருக்கேன்."

தேயிலை விலை இறங்கியதற்கும் எங்கள் திரை சாம்பலாக இருந்ததற்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார். புது சாஃப்ட்வேர் வந்தது. ஒரு வாரம் கோயம்புத்தூருக்குப் போய் அவரே கற்றுக்கொண்டும் வந்தார்.

2. ஈரோட்டுக்காரர் சொன்னது

அப்போது ஃபேக்டரிக்கு மிஞ்சியிருந்த பெரிய வாடிக்கையாளர் ஒருவர்தான். ஈரோட்டில் டீக்கடைகளுக்குத் தூள் போடுகிற வியாபாரி. அவர் நேரில் வந்து ஒரு கப் குடித்துவிட்டுச் சொன்னார்: "கலரே இல்லீங்களே. முத்தல் இலையும் குச்சியுமா அரைக்கறீங்க. இந்த சீசன்ல சரி பண்ணுங்க. இல்லாட்டி நான் வேற எடம் பாத்துக்கறனுங்க."

அவர் போனால் ஃபேக்டரி மூட வேண்டியதுதான். ஃபேக்டரி மூடினால் ஸ்டூடியோவும், நானும்.

குற்றம் இலையில் இருந்தது. விலை விழுந்ததும் இலை கொடுப்பவர்கள் கையால் கிள்ளுவதை விட்டுவிட்டுக் கத்தரியால் வெட்டி மூட்டை கட்டினார்கள். இரண்டு இலை, ஒரு கொழுந்து என்று பார்த்துக் கிள்ள யாருக்கும் மனம் வரவில்லை. அதற்கு முதலாளி கண்ட வழி ஒரு பிரசாரப் பாட்டு. ஜீப்பில் ஸ்பீக்கர் கட்டித் திங்கட்கிழமை முதல் ஊர் ஊராகப் போட வேண்டும். பாட்டையும் அவரே எழுதினார். "ஈரிலை ஒரு கொழுந்தே, எங்கள் இதயத்தின் செழுங்கொழுந்தே" என்று தொடங்கி நான்கு சரணம்.

பாட வந்தவர்கள் ராஜாமணியும் சரசுவும். இருவரும் கூலிக்கு இலை பறிப்பவர்கள்; ஃபேக்டரியில் மூட்டை பிரிக்கவும் வருவார்கள். ராஜாமணிக்குக் கோயிலில் பாடிப் பழகிய நல்ல குரல். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவர்களுக்கு ஓய்வு.

3. பூஜை

புது சாஃப்ட்வேரில் முதல் வேலை என்பதால் அந்த ஞாயிறு காலையில் முதலாளி பூஜைக்கு ஏற்பாடு செய்திருந்தார். கம்ப்யூட்டருக்கு மாலை, மவுஸுக்கு எலுமிச்சம்பழம். மானிட்டரின் கண்ணாடியில், மேல் வலது மூலையில், சந்தனம் வைத்து அதன் மேல் பெரியதாகக் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டி, மணியை ஆட்டிக்கொண்டே, "நல்ல நேரம் போறதுக்குள்ள ஒருக்கா அமுக்கீர்றேன்" என்று சொல்லி ரெக்கார்டு கீயை ஒருமுறை அழுத்தி, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இந்த இடத்தில் மூன்று விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். ஒன்று, புதியதில் தொடங்குவதும் நிறுத்துவதும் ஒரே கீ. ஒருமுறை அழுத்தினால் பதிவு, மறுமுறை அழுத்தினால் நிறுத்தம். இரண்டு, ஒலியின் அலை உருவம் பதிவு நின்ற பிறகுதான் திரையில் வரையப்படும். மூன்று, பதிவாகிறதா இல்லையா என்று காட்டும் சிவப்பு வட்டம் திரையின் மேல் வலது மூலையில் இருந்தது.

4. ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டிங்

அன்று மானிட்டர் முன்னால் முதலாளிதான் உட்கார்ந்தார். "நீ உள்ள போயி அந்தப் பொம்பளைங்கள மைக்குக்கு நேரா நிறுத்து. இத நான் பாத்துக்கறேன்" என்றார். மழை விட்டு விட்டுப் பெய்தது. தகரம் ஓய்ந்ததும் முதலாளி "ரெடி!" என்று கத்திக் கீயை அழுத்துவார். இவர்கள் பாடுவார்கள். முடிந்ததும் மறுபடி அழுத்துவார். ஹெட்போனில் எனக்குக் குரல் தெளிவாகக் கேட்டது. மைக் திறந்திருந்தால் பதிவானாலும் ஆகாவிட்டாலும் கேட்கும் என்பதை இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

இரண்டாவது டேக் முடிந்ததும் நான் வெளியே வந்தேன். "ஒருதரம் போட்டுக் கேட்டுரலாமுங்க."

"மழை வருதப்பா. பாடறத மொதல்ல முடிக்கட்டும். அதான் மூலையில செவப்பு எரியுதே, பாக்கற இல்ல?"

பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது.

"கண்ணாடி வழியாப் பாத்தனுங்க, அலை கொஞ்சம் லேட்டா வருதுங்களே. அடுத்த டேக் ஆரம்பிச்ச பொறகுதான் வரையுது."

"யோசிச்சு வரையுது. பழசு மாதிரி அவசரக் குடுக்கை இல்ல இது. அலையப் பாரு, எப்படிக் கொழுத்திருக்குது!"

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. அதற்குள் நான்கு சரணமும் முடிந்திருந்தன. ராஜாமணிக்குத் தொண்டை கம்மிவிட்டது. இருவரும் தும்மிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். பிறகு பதிவானதைப் போட்டோம்.

பாட்டு வரவில்லை. முதலில் கற்பூரம் காட்டிய மணியோசை வந்தது. அடுத்து சரசுவின் குரல்.

"ஈரிலை ஒரு கொழுந்தாம். அக்கா, இத அந்த நீல கேட்டு ஊட்டுக்காரருகிட்டப் போயிப் பாடோணும்."

"பாடி என்ன பண்ண? அவரு மூட்டையத் தொறந்தா இலையத் தேடிப் புடிக்கோணும்டி. மேல ரெண்டு கை கொழுந்து, அடியில பூராவும் வெறகு. அத ஃபேக்டரில போடறதுக்கு அடுப்புல வெச்சா சோறாவது வேகும்."

"போன வாரம் அவிய மூட்டையில ஒரு செருப்பு இருந்துதுக்கா."

"ஒத்தச் செருப்பா?"

"ஒத்ததான்."

"அப்ப இன்னொண்ணு இந்த வாரம் வரும்."

நான் ஈரத் துணியால் குங்குமத்தைத் துடைத்தேன். அதன் அடியில் வட்டம் சாம்பல் நிறத்தில் இருந்தது. எல்லா டேக்கையும் கேட்டோம். பூஜையில் அழுத்தியதும் தொடங்கிவிட்ட பதிவை ஒவ்வொரு "ரெடி!"யும் நிறுத்தியிருந்தது; பாட்டில் ஒரு வரிகூட இல்லை. இரண்டு டேக்குகளுக்கு நடுவே பேசியது, தும்மியது, சிரித்தது எல்லாம் ஒன்றுவிடாமல் பதிவாகியிருந்தது. தரம் பிரமாதம்.

முதலாளி முதல் துண்டை மறுபடி ஓடவிட்டார். பிறகு, "ஏப்பா, நீல கேட்டுன்னு யாரச் சொல்றா?" என்றார். அவருக்கே தெரியும். நீல கேட் அவர் மனைவியின் தம்பி தங்கராசு வீட்டுடையது.

5. பச்சை பெயிண்ட்

காலையில் ஜீப் புறப்பட வேண்டும். அடுத்த ஞாயிறுவரை பாட ஆள் கிடையாது. இதையே வெட்டி ஒட்டி, பின்னணியில் கொஞ்சம் இசை போட்டு அனுப்பலாம் என்று நான் சொன்னேன். வேறு எதுவும் கையில் இல்லை.

"ஊட்டுல எனக்குச் சோறு கெடைக்காதுப்பா."

"பேரு எங்கயும் வரலீங்க மொதலாளி."

"பேரு எதுக்கு? அதான் கேட்டச் சொல்லிப்போட்டாளே." கொஞ்சம் யோசித்தார். "கேட்டத்தான சொல்றா?"

போனை எடுத்தார். "மாப்ள, விடியறதுக்குள்ள உங்கூட்டு கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சுப்போடு. ஏன்னெல்லாங் கேக்காத. எல்லாங் குடும்ப மானந்தான்."

பேசியவர்களைக் கேட்காமல் போடுவது சரியல்ல என்று மழையிலேயே கிளம்பினோம். முதலில் சரசு வீடு. "அக்கா சரின்னா எனக்குஞ் சரிங்க" என்றாள். ராஜாமணி வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"ஏனுங்க தம்பி, காலையில இருந்து தொண்ட கிழியப் பாடினனே, அது விழுகலீங்களா?"

"விழுகலீங்க்கா."

"இவகூட வம்பு பேசினது விழுந்துருச்சா?"

"அது நல்லா விழுந்திருக்குதுங்க."

முதலாளியை ஏற இறங்கப் பார்த்தாள். "கலர் கலரா வாங்கிப் பூசை போட்டீங்களே, இதுக்குத்தானுங்களா?" பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள். "போட்டுக்குங்க. ரெண்டு கண்டிசன். செருப்பு சமாச்சாரத்த வெட்டப்படாது. வார ஞாயித்துக்கெழம எம்பாட்டு ஒழுங்கா விழுகோணும்."

6. ஜீப் போன ஊர்கள்

நாங்கள் இருவரும் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. இந்த மலையில் கேட்டுக்கு நீலம் அடிப்பது வழக்கம். எந்த ஊரிலும் நாலைந்து நீல கேட்டாவது இருக்கும்.

முதல் ஊரிலேயே ஒருவர் ஜீப்பை மறித்தார். இவருக்கும் தங்கராசுவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "ஏனுங்க, அந்தச் செருப்பு எம்பையனுதுங்க. தெரியாம மூட்டைக்குள்ள உளுந்துருச்சு. அதப் போயி ஊருக்கெல்லாஞ் சொல்றீங்களே" என்றார். அடுத்த ஊரில் இன்னொருவர் வந்தார். அவரும் செருப்புக்குப் பொறுப்பேற்றார். ஆனால் அது ரப்பர் செருப்பா தோல் செருப்பா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, தன்னுடையது இல்லை என்று நிம்மதியாகப் போனாராம். டிரைவர் வந்து சொன்னபோது நாங்கள் நம்பவில்லை.

அந்த வாரம் எடை போடும் இடத்தில் நானே பார்த்தேன். நீல கேட் வீட்டுக்காரர்கள் மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்கள். "நல்லாப் பாத்துக்குங்க, அடி வரைக்கும் கொழுந்துதான்." மற்ற கேட்காரர்களுக்கும் பயம் வந்துவிட்டது. அடுத்தது சிவப்பு கேட் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஜீப்பில் இருக்கும் ஸ்பீக்கர் பேசுவது மட்டுமல்ல, கேட்கவும் செய்கிறது என்றும் ஒரு பேச்சு. வண்டி வந்தாலே மக்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள் என்று டிரைவர் குறைப்பட்டான். குன்னூர் மார்க்கெட்டில் பச்சை பெயிண்ட் தீர்ந்துபோயிற்று.

தங்கராசு மட்டும் பழையபடி குச்சிதான் கொண்டுவந்தான். அவன் கேட்தான் பச்சையாயிற்றே.

சீசன் முடிவதற்குள் ஈரோட்டு வியாபாரி வந்தார். ஒரு வாய் குடித்தார். கப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "கலர் வந்துருச்சுங்களே! என்ன பண்ணுனீங்க?"

முதலாளி சற்றும் தயங்கவில்லை. "சாஃப்ட்வேர் மாத்துனமுங்க."

வியாபாரி கப்பைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தூளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

7. ராஜாமணியின் பாட்டு

இதற்கெல்லாம் முன்பே, சொன்னபடி அந்த அடுத்த ஞாயிறே ராஜாமணியின் பாட்டைப் பதிவு செய்தோம். இந்த முறை மானிட்டர் முன்னால் நான். நல்ல சகுனத்தை அழித்துவிட்டேன் என்று முதலாளிக்கு வருத்தம். குங்குமத்தைக் கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்தேன். பாட்டு அருமையாக விழுந்தது. ஜீப்பில் போட்டோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "பழச எப்பங்க போடுவீங்க?" என்று மட்டும் கேட்டார்களாம்.

பாடி முடித்த பிறகு ராஜாமணி வெளியே வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். பதிவு நின்றதா என்று சைகையால் கேட்டாள். நிறுத்திவிட்டேன் என்றேன். நம்பவில்லை. வட்டம் சாம்பலாகியிருப்பதைக் காட்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள். "அப்பாடி. ஏனுங்க தம்பி, தங்கராசு மூட்டையில அந்த இன்னொரு செருப்பும் வந்துருச்சு."

அதன் பிறகு இன்னும் பல சாஃப்ட்வேர்களுக்கு மாறிவிட்டேன். ஒவ்வொன்றிலும் முதலில் பார்ப்பது எந்தக் கீ தொடங்கும், எது நிறுத்தும் என்பதைத்தான். "ரெடி" சொல்வதற்கு முன் மூலையில் இருக்கும் சிவப்பை இன்றைக்கும் ஒருமுறை விரலால் தேய்த்துப் பார்ப்பேன். புதிதாக வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். விரலில் ஒட்டாத சிவப்புதான் ரெக்கார்டிங்.